முதல் உதையில் கிளம்பட்டும், அப்புறம் செல்ஃப் மாட்டலாம்

கேள்வி: என்னிடம் 1974-ம் வருடத்து புல்லட் 350 இருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி. 6 வோல்ட், பிளாட்டினம் பாயின்ட், வலது பக்க கியர், எல்லாம் வந்தபடியே இருக்கிறது. எனக்கு 61 வயது. வலது முழங்கால் ஜவ்வுக்கு ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. கிக்கர் அடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போதாததற்கு, ஒரு மாதமாகக் கிக்கர் திருப்பி அடிக்கிறது. கழித்துப் போட்ட புல்லட்டிலிருந்து செல்ஃப் செட்டைக் கழற்றி மாட்டித் தருவதாகப் புதுச்சேரியில் ஒரு மெக்கானிக் சொல்கிறார். இடது பக்கம் கேஸைக் கொஞ்சம் வெட்ட வேண்டி வருமாம். மாட்டலாமா? 6 வோல்ட்டிலேயே ஓடுமா? வண்டியின் பழைமைக்கு உள்ள மதிப்பு போய்விடுமா? தினமும் முதுநகரிலிருந்து திருப்பாதிரிப்புலியூர் வரை இதில்தான் போய் வருகிறேன்.
வாசகர், கடலூர் முதுநகர்

பதில்:

ஐயா, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘ஒரு மாதமாகக் கிக்கர் திருப்பி அடிக்கிறது.’ முதலில் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். திருப்பி அடிக்கிற எஞ்சினில் செல்ஃப் மாட்டினால், இதுவரை உங்கள் முழங்கால் வாங்கிய அடியை இனி செல்ஃப் கியர் வாங்கும். கால் வலித்தால் நிறுத்திவிடுவீர்கள். கியர் நிறுத்தாது, பல் உடையும்.

இதற்குக் காரணம் செல்ஃப் அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. மோட்டாருக்கும் கிராங்குக்கும் நடுவே ஸ்ப்ராக் கிளட்ச் என்ற ஒருவழிப் பூட்டு உண்டு. மோட்டார் சுற்றும்போது அது இறுகிக் கிராங்கைச் சுழற்றும். எஞ்சின் பிடித்து வேகமாகச் சுற்ற ஆரம்பித்ததும் விலகிக்கொள்ளும். ஆனால் மோட்டார் முன்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில், பிஸ்டன் உச்சிக்குப் போகுமுன்பே தீப்பொறி விழுந்து கிராங்க் பின்பக்கம் உதைத்தால் ஸ்ப்ராக் விலகாது, இன்னும் இறுகும். எரிந்த பெட்ரோலின் மொத்த அடியும் மோட்டார் கியர் மேல் இறங்கும். ஸ்ப்ராக்கின் கூடு பிளப்பதும், இடைக் கியர் பல் தெறிப்பதும் பெரும்பாலும் இப்படித்தான். செல்ஃப் வைத்தே வந்த புல்லட்களில்கூட ஸ்ப்ராக் போனது என்றால், திருப்பி அடித்ததா, பேட்டரி சோர்ந்திருந்ததா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

ஆகவே கேஸைத் தொடுவதற்கு முன் எஞ்சினைச் சரிக்கட்டுங்கள். ஒரு நாள் வேலை, பெரிய செலவில்லை.

முதலில் அட்வான்ஸ் யூனிட். காயிலுக்குப் போகும் மின்சாரத்தை மூடித் திறந்து தீப்பொறி வரவைப்பதுதான் பாயின்ட். அதன் பிளேட்டைக் கழற்றினால் அடியில் இரண்டு சிறு எடைக்கட்டிகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் தெரியும். வேகம் கூடக் கூட எடைகள் வெளியே விரிந்து தீப்பொறியை முன்கூட்டித் தரும். நிற்கும்போது ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்து வைத்திருக்க வேண்டும். கேமை விரலால் பிடித்து அது திரும்பும் திசையில் திருப்பி விடுங்கள். ‘டக்’கென்று பழைய இடத்துக்கு ஓடி வர வேண்டும். சோம்பிச் சோம்பித் திரும்பினாலோ பாதியில் நின்றாலோ, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது அச்சில் கிரீஸ் காய்ந்து துரு பிடித்திருக்கிறது. கடற்காற்று படும் ஊரில் ஐம்பது வருடம் ஓடிய வண்டி. திருப்பி அடிப்பதற்கு இதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். மண்ணெண்ணெயில் கழுவி, அச்சுக்கு ஒரு சொட்டு ஆயில் விட்டு, ஸ்பிரிங் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் இழுப்பு ஒருபக்கமாகும்.

அடுத்து பாயின்ட் இடைவெளி: முழுதாகத் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மி.மீ. டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, அதன் பிறகுதான் தொட வேண்டும். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. எடைகள் முழுதும் உள்ளடங்கிய நிலையில், கம்ப்ரஷன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பாக பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். ப்ளக் துளை வழியாக சைக்கிள் கம்பியை விட்டுக் குத்துமதிப்பாகப் பார்ப்பவர்கள் உண்டு. 0.8 மி.மீ. என்பது அப்படிப் பார்க்கிற அளவு இல்லை. டயல் கேஜ் இருக்கிற பட்டறையில் பாருங்கள். பாயின்ட் திறக்கும் நொடியைக் கண்ணால் பிடிக்க முடியாது. பாயின்ட்டுக்குக் குறுக்கே ஒரு சிறு பல்பை இணைத்தால், திறக்கும்போது அது எரியும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, வால்வுகளைத் திறக்கத் தள்ளும் கம்பிகளான புஷ்ராடையும் பார்த்துவிடுங்கள். பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது இரண்டு ராடும் விரலால் உருட்டினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ராடு இறுகியிருந்தால் வால்வு சரியாக மூடாது, கம்ப்ரஷன் வெளியேறும், எத்தனை உதைத்தாலும் பிடிக்காது. கம்ப்ரஷனை வெளியே விடும் சின்ன வால்வுதான் டீகம்ப்ரஸர்; அதன் கேபிளுக்கும் சிறிது தளர்வு வேண்டும். கேபிள் எப்போதும் இழுத்தபடி இருந்தால் அந்தச் சின்ன வால்வு வழியே கம்ப்ரஷன் கசிந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று. உங்கள் வண்டியில் ஆயில் டேங்க் தனியாக இல்லை, கிராங்க் கேஸின் பின்பகுதியே டேங்க். பல நாள் நிறுத்தி வைத்தால் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து ஃப்ளைவீல் இருக்கும் அறைக்குள் இறங்கும். அப்போது கிக்கர் கனக்கும், புகை போக்கியில் நீலப் புகை வரும். ஓட்டாமல் வைத்திருந்த வண்டியை முதல்முறை எடுக்கும்போது அடி நட்டைத் திறந்து வடித்துவிட்டு எடுங்கள். இந்தக் கனத்தை மோட்டார் மேல் போடக் கூடாது.

இதெல்லாம் முடிந்ததும், உங்கள் வண்டியிலேயே இருக்கிற ஆம்பியர் மீட்டரை வைத்துக் கிளப்பும் முறையைச் சொல்கிறேன். பழகியவர்களுக்குத் தெரியும், ஆனாலும் பலர் முள்ளைப் பார்ப்பதில்லை. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலுக்குள் மின்சாரம் ஓடுவதால் முள் மைனஸ் பக்கம் சாயும். கம்ப்ரஷன் தடுக்கும் இடத்துக்கு வந்ததும், டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை ஒரு விரற்கடை நகர்த்துங்கள். பாயின்ட் திறந்ததும் முள் நடுவுக்கு வரும். பிஸ்டன் உச்சியைத் தாண்டி நிற்கிறது என்று அர்த்தம். டீகம்ப்ரஸரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே வீச்சாக அடி வரை இறக்குங்கள். இதில் பலம் தேவையில்லை, முழு வீச்சுதான் தேவை. பாதி வீச்சில் காலைத் தூக்கினால்தான் திருப்பி அடி வாங்குவோம்.

உங்கள் வலது கால் இதற்கும் உதவாது என்றால், வண்டியை மெயின் ஸ்டாண்டில் ஏற்றி, அதன் வலப்பக்கம் தரையில் நின்று இடக்காலால் அடிக்கலாம். ஒரு வாரம் பழகினால் கைவரும். ஆனால் சிக்னலில் நின்றுவிட்டால், செல்லங்குப்பம் பக்கம் மழைத் தண்ணீரில் நின்றுவிட்டால், இறங்கி ஸ்டாண்ட் போட்டு அடிக்க வேண்டும். தினமும் ஓட்டுகிற உங்களுக்கு இது நிரந்தரத் தீர்வாகாது என்பது எனக்கும் புரிகிறது. எஞ்சின் ஒன்று அல்லது இரண்டு உதையில் கிளம்பும் நிலைக்கு வந்து ஒரு மாதம் அப்படியே ஓடிய பிறகு, செல்ஃப் மாட்டுங்கள் என்றே சொல்வேன். முழங்காலைக் கெடுத்துக்கொள்வதும் வேண்டாம், அப்பாவின் வண்டியைப் போர்வைக்குள் மூடி வைப்பதும் வேண்டாம்.

இப்போது மெக்கானிக் சொன்ன விஷயம். கழித்துப் போட்ட புல்லட் என்றால் எந்தப் புல்லட்? இதை அவரிடம் தெளிவாகக் கேளுங்கள். உங்களுடையது வார்ப்பிரும்பு சிலிண்டர் எஞ்சின். செல்ஃப் வைத்த வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்கள் 2000-க்குப் பிறகு வந்தன. அந்த செட் உங்களுக்குக் கிட்டத்தட்ட உறவு. ஏ.வி.எல். என்கிற அலுமினிய எஞ்சினின் செட் வேறு. அதற்குப் பிறகு வந்த யு.சி.இ. எஞ்சினில் கியர் பாக்ஸும் எஞ்சினும் ஒரே கூடு. அதிலிருந்து ஒரு நட்டுகூட இந்த வேலைக்கு ஆகாது. பட்டறைகளில் எல்லாவற்றையும் ‘புல்லட் செல்ஃப்’ என்ற ஒரே பெயரில்தான் சொல்வார்கள். சென்னை புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் தேடினாலும் இதே குழப்பம்தான்.

வார்ப்பிரும்பு எஞ்சின் செட்டில் மோட்டார் சிலிண்டருக்குப் பின்னால், கியர் பாக்ஸுக்கு மேலே படுத்திருக்கும். அங்கிருந்து இடது பக்க செயின் கேஸுக்குள் கியர் வழியாகச் சுழற்சி போகும். அதனால் உள் செயின் கேஸ், வெளி மூடி இரண்டும் வேறு வடிவம். உங்கள் பழைய உள் கேஸை வெட்டி இடம் பண்ணுவதைவிட, அதே செட்டின் உள் கேஸையும் வெளி மூடியையும் சேர்த்து வாங்குவதே முறை. உங்களுடையதை அப்படியே கழற்றித் துணியில் சுற்றி வையுங்கள். மெக்கானிக் ‘வெட்ட வேண்டும்’ என்றது கிராங்க் கேஸை என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஐம்பது வருடம் ஆயிலில் ஊறிய அலுமினியத்தில் வெல்டிங் சுத்தமாகப் பிடிக்காது. பற்றவைத்த இடம் நுரைத்துத் துளை விழும். அதன் பின்பகுதிதான் ஆயில் டேங்க் என்பதால் கசிவு ஆரம்பித்தால் ஓயாது.

செல்ஃப் வந்த காலத்துப் புல்லட்களில் இடது கியர் ஐந்து வேகப் பாக்ஸ் வந்தவையும் உண்டு. உங்களுடையது வலது கியர் நான்கு வேகம். உள் கேஸின் போல்ட் துளைகள், கிளட்ச் ஷாப்ட் வெளியே வரும் ஓட்டை, கிராங்க் முனையின் நீளம் மூன்றும் ஒத்துவருகிறதா என்று பணம் கொடுக்கும் முன் மேசையில் வைத்துப் பாருங்கள். பொருந்திய பிறகு எஞ்சின் ஸ்ப்ராக்கெட் முகத்திலும் கிளட்ச் ஸ்ப்ராக்கெட் முகத்திலும் ஓர் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வையுங்கள். இரண்டையும் ஒருசேரத் தொட வேண்டும். தொடாவிட்டால் அந்த டூப்ளெக்ஸ் செயின் பக்கவாட்டில் தின்னும், ஆறு மாதத்தில் ஸ்ப்ராக்கெட் பல் ஒருபக்கம் கூராகும். வாஷர் போட்டுச் சரிசெய்வதானால் லேத்தில் கடைந்த வாஷர். கடை வாஷரை இரண்டாக அடுக்குவது கூடாது. செயின் ஆட்டம், இறுக்கமான இடத்தில் 6 மி.மீ. இருக்கட்டும்.

பழைய ஸ்ப்ராக்கைக் கையில் வாங்கிப் பார்க்கும் விதம் இது. வெளிப்பக்கத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, உள் கியரை மற்றக் கையால் திருப்புங்கள். ஒரு பக்கம் வெண்ணெய்போல வழுக்கி ஓட வேண்டும். மறுபக்கம் திருப்பினால் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று பாகை நகர்ந்து பிறகு பூட்டினால் உருளைகள் தேய்ந்திருக்கின்றன. பூட்டிய நிலையில் ஒரு வெட்டு வெட்டித் திருப்பிப் பாருங்கள். ‘கிறுக்’கென்று நழுவினால் வாங்காதீர்கள். பிறகு அதைப் பிரித்து, உருளைகள் படும் வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரே மாதிரி மங்கிய பளபளப்பு இருந்தால் நல்லது. நகம் வைத்தால் தட்டுப்படும் பள்ளங்கள் வரிசையாக இருந்தால், அது முன்பே திருப்பி அடி வாங்கியது. ஸ்ப்ராக் மட்டும் புதிதாகக் கிடைத்தால் புதிதையே வாங்குங்கள். இந்தச் செட்டில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாத பொருள் அதுதான்.

மோட்டாரில் கார்பனும் ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகளும் முக்கியம். கார்பன் தேய்ந்து ஸ்பிரிங்கின் அடியில் போயிருந்தால் மாற்ற வேண்டும். பட்டைகள் கறுத்திருந்தால் நைஸ் உப்புத்தாளால் துடைக்கலாம். பட்டைகளுக்கு நடுவே கரித்தூள் அடைத்திருந்தால் மெல்லிய பிளேடால் சுரண்டி எடுங்கள்.

6 வோல்ட்டில் ஓடுமா என்று கேட்டிருந்தீர்கள். ஓடாது. மோட்டார் 12 வோல்ட்டுக்குக் கட்டியது. அதைச் சுற்ற நூறு ஆம்பியரை ஒட்டி மின்சாரம் வேண்டும். ஆகவே ஆல்டர்னேட்டரின் ஸ்டேட்டர், ரோட்டார், ரெகுலேட்டர்–ரெக்டிஃபையர், பேட்டரி, காயில், எல்லா பல்புகள், ஹாரன் அனைத்தும் 12 வோல்ட்டாக வேண்டும். காயிலை மறந்துவிட்டு மற்றதை மட்டும் மாற்றுகிறவர்கள் உண்டு. 6 வோல்ட் காயில் 12 வோல்ட்டில் கொதித்து, இரண்டு நாளில் நடுவழியில் நிறுத்தும். ஸ்டேட்டரை மாட்டும்போது ரோட்டாருக்கும் அதற்கும் நடுவே சுற்றிலும் 0.2 மி.மீ. இடைவெளி வேண்டும். பித்தளை அல்லது பிளாஸ்டிக் ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) போட்டுப் பாருங்கள், ரோட்டார் காந்தம் என்பதால் இரும்பு ஃபீலர் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும்.

வயர் இணைக்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். பழைய வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை எஞ்சினில் எர்த் ஆகியிருக்கக்கூடும். புது ரெகுலேட்டர் நெகட்டிவ் எர்த்துக்கானது என்றால், மாறி இணைத்த நொடியிலேயே எரிந்துவிடும். நிலைக்காந்த மோட்டாருக்கு முனை மாறினால் எரியாது, ஆனால் தலைகீழாகச் சுற்றும். ஸ்ப்ராக் பிடிக்காமல் வெறுமனே ‘விர்ர்’ என்று சத்தம் மட்டும் வரும். புது செட்டில் அந்தச் சத்தம் கேட்டால் ஸ்ப்ராக்கைக் குறை சொல்லுமுன் பேட்டரி முனையைப் பாருங்கள்.

பேட்டரி 12 வோல்ட் 14 ஆம்பியர்-அவர். வழக்கமான அளவு ஏறத்தாழ 134 × 89 × 166 மி.மீ. உங்கள் பழைய பெட்டியில் இது உட்காராது. சட்டத்தைத் துளைக்காமல், ஏற்கனவே இருக்கிற போல்ட் இடங்களிலேயே நிற்கும்படி ஒரு தட்டு மடித்துக்கொள்ளுங்கள். அடியில் ரப்பர் போடுங்கள், புல்லட்டின் அதிர்வுக்கு பேட்டரி பிளேட் உதிரும். ஆசிட் பேட்டரி என்றால் மூச்சுக்குழாயை செயினுக்கும் சைலன்சருக்கும் எட்டாத இடத்தில் கீழே இறக்குங்கள்.

கேபிள் விஷயத்தில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். மோட்டார் சுற்றவில்லை என்று மோட்டாரையே இரண்டு முறை மாற்றியிருப்பார்கள், குற்றவாளி கேபிளாக இருக்கும். கணக்கு எளிது. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் நூறு ஆம்பியர் ஓடினால், ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.7 வோல்ட் அதிலேயே தொலையும். போக ஒரு மீட்டர், திரும்ப ஒரு மீட்டர் என்றால் 1.4 வோல்ட் போச்சு. 16 சதுர மி.மீ. கேபிளில் மீட்டருக்கு 0.1 வோல்ட்தான் போகும். வெல்டிங் கடையில் 16 சதுர மி.மீ. கேபிள் மீட்டர் கணக்கில் கிடைக்கும். இழை மெலிதாக இருப்பதால் வளையும், அதிர்வில் அறாது. பேட்டரியிலிருந்து ரிலேவுக்கு, ரிலேவிலிருந்து மோட்டாருக்கு, பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சின் போல்ட்டுக்கு என்று மூன்று துண்டு. எர்த்தை சட்டத்தில் கட்டாதீர்கள். சட்டத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே பெயின்ட்டும் துருவும் இருக்கும்.

கேபிள் முனையில் மாட்டும் லக்கை இடுக்கியால் நசுக்கினால் போதாது. ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தி, உள்ளே பசை வைத்த ஸ்லீவை மேலே சூடுபடுத்திச் சுருக்குங்கள். தேவனாம்பட்டினம் பக்கம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் திறந்த செம்பு ஒரு மழைக்காலத்துக்குள் பச்சை பூத்துவிடும். அந்தப் பச்சை லக்கின் உள்ளே ஏறினால் வெளியே பார்க்கத் தெரியாது, தொட்டால் சூடு மட்டும் தெரியும். ஈயம் பூசிய செம்பு லக் வாங்கி, போல்ட் முடுக்கிய பிறகு வாஸ்லின் தடவுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை எல்லா முனையையும் கழற்றித் துடைத்து மாட்டினால் போதும்.

பொத்தானுக்கு ஓடும் மெல்லிய வயரில் கிளட்ச் லிவர் சுவிட்ச் ஒன்றைக் கட்டாயம் சேருங்கள். உங்கள் வண்டியில் நியூட்ரல் விளக்கு கிடையாது. கியரில் நிற்கும் வண்டியில் பொத்தானை அழுத்தினால், அது உங்களையும் தூக்கிக்கொண்டு முன்னால் பாயும். கிளட்ச் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும் என்ற ஏற்பாடு இல்லாமல் எந்த மெக்கானிக் வண்டியைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

செயின் கேஸில் 420 மில்லி ஆயில். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளுக்கு விற்கும் ஏ.டி.எஃப். ஆயில் போதும். வழுக்கலுக்கென்று விற்கும் சேர்க்கை மருந்துகளை ஊற்றக் கூடாது. கிளட்ச் வழுக்கும், ஸ்ப்ராக்கும் வழுக்கும்.

மாட்டி முடித்ததும் ப்ளக்கைக் கழற்றிவிட்டு, கியரில் போட்டு பின் சக்கரத்தைக் கையால் உருட்டிப் பாருங்கள். உரசலோ தட்டலோ இல்லாமல் கிராங்க் இரண்டு மூன்று சுற்று போக வேண்டும். பிறகு மல்டிமீட்டர். ஓர் இரவு ஓய்ந்த பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனையில் 10 வோல்ட்டாவது நிற்க வேண்டும். அதே நேரத்தில் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை மோட்டார் போல்ட்டிலும் வைத்தால் 0.5 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். அதிகமானால் கேபிள், லக், ரிலே மூன்றில் ஒன்று தவறு. பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே 0.2-க்குள். எஞ்சின் பிடித்த பிறகு ஹெட்லைட் எரிய, நடுத்தர வேகத்தில் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட். இந்த ஐந்து எண்ணும் சரியாக இருந்தால் வண்டியை வாங்கிக்கொள்ளலாம்.

எலக்ட்ரானிக் இக்னிஷன் போட நினைத்தால் இந்த 10 வோல்ட் இன்னும் முக்கியம். மோட்டார் இழுக்கும்போது வோல்ட் மிகவும் சரிந்தால் சில யூனிட்டுகள் தீப்பொறியே தராது. மோட்டார் சுற்றும், எஞ்சின் பிடிக்காது, பொத்தானை விட்ட நொடியில் மட்டும் ஒரு ‘புட்’ என்று கேட்கும். அந்த ‘புட்’ கேட்டால் கார்பரேட்டரைப் பிரிக்காதீர்கள், பேட்டரியையும் கேபிளையும் பாருங்கள்.

ஓட்டும்போது செய்ய வேண்டியது: பொத்தானை அழுத்தும் முதல் நொடியில் டீகம்ப்ரஸரைப் பிடித்திருங்கள். தடையில்லாமல் ஃப்ளைவீல் வேகம் எடுத்த பிறகு விடுங்கள். மோட்டாருக்கும் ஸ்ப்ராக்குக்கும் இது பெரிய நிம்மதி. ஃப்ளைவீல் வேகமாக இருந்தால் உச்சியைத் தாண்டிவிடும், திருப்பி அடிக்க வாய்ப்பு குறையும். ஒரு தடவைக்கு ஐந்து நொடிக்கு மேல் அழுத்த வேண்டாம்; அடுத்த முயற்சிக்கு முன் கால் நிமிடம் விடுங்கள். மூன்று நொடி அழுத்தினால் செலவாவது 0.08 ஆம்பியர்-அவர்தான், பத்து நிமிட ஓட்டத்தில் திரும்பி வந்துவிடும். ஐந்து ஐந்து நொடியாக இருபது தடவை அழுத்தினால் பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு காலி. பேட்டரி சோர்ந்து மோட்டார் மெதுவாக முனகினால் அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். மெதுவான சுழற்சியில்தான் எஞ்சின் திருப்பி அடிக்கும். அதனால்தான் கிக்கரைக் கழற்றி வீச வேண்டாம் என்கிறேன். அப்படிப்பட்ட நாளில் இடக்காலோ, தெருவில் போகிற ஒரு தம்பியோ உதவலாம்.

1914-லேயே அமெரிக்காவில் இந்தியன் கம்பெனி, ஹெண்டி ஸ்பெஷல் என்ற வண்டியில் செல்ஃப் வைத்து விற்றது. அந்தக் காலத்து பேட்டரி தாங்காமல் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. 1975-ல் நார்ட்டன் கமாண்டோ 850-க்கு வந்த செல்ஃபும் பலம் போதாமல் பெயர் கெட்டது. நூறு வருடமாக இந்த வேலையில் தோற்கிற இடம் மின்சாரம்தான்.

கடைசியாக, மதிப்பும் சட்டமும். செயின் கேஸ் மூடியை மாற்றுவதால் எஞ்சின் நம்பர் மாறாது. கிராங்க் கேஸை மாற்றினால் மாறும், அப்போது ஆர்.சி.யில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒத்துவராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அதைத்தான் தடுக்கிறது. வேலை தொடங்குமுன் கடலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வையுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள்.

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்து வி.ஏ. வரிசை நம்பர் வாங்கலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். உங்கள் வண்டி வயதில் அதற்குத் தகுதி. ஆனால் நிபந்தனைகள் உண்டு: வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், எஞ்சினிலோ சட்டத்திலோ பெரிய மாற்றம் கூடாது, பதிவான பிறகு அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. திருப்பாதிரிப்புலியூருக்குத் தினமும் போகிற வண்டிக்கு அந்த நம்பர் பொருந்தாது. உங்களுக்கு இப்போதுள்ள ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதே சரி. நாளை உங்கள் பிள்ளைகள் விண்டேஜ் பதிவு வாங்க நினைக்கலாம். அதற்காகத்தான் எதையும் வெட்டாதீர்கள், துளைக்காதீர்கள் என்று வலியுறுத்துகிறேன். கழற்றிய உள் கேஸ், வெளி மூடி, 6 வோல்ட் ஸ்டேட்டர், ரோட்டார், காயில், பேட்டரித் தட்டு எல்லாவற்றுக்கும் ஆயில் தடவி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டுக் கட்டி, ஒரே பெட்டியில் வையுங்கள். பெட்டியை மாடியில் வையுங்கள். முதுநகரில் வெள்ளம் வந்தால் தரையில் இருப்பதுதான் முதலில் நனையும்.